ஸ்பெஷல் எஜுகேட்டர்: தமிழில் யார்?

பார்வை, செவித்திறன், அறிவுசார் வளர்ச்சி, கற்றல் போன்றவற்றில் குறைபாடுள்ள பிள்ளைகளுக்குக் கற்பிப்பதற்கென்றே தனியாகப் படித்தவர்தான் ஸ்பெஷல் எஜுகேட்டர். சாதாரண பி.எட். போதாது. இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த படிப்பை முடித்து, 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அதன் பதிவேட்டில் பெயர் ஏறியிருக்க வேண்டும். செட்டிநாட்டுப் பக்கம் அதற்குக் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கிறது. சிறப்புக் கல்விக்கும் மறுவாழ்வு அறிவியலுக்கும் அங்கே தனித் துறையே உண்டு.

சரி, தமிழில் இவரை எப்படிச் சொல்வது? 'சிறப்பாசிரியர்' என்றுதான் முதலில் வாயில் வரும். அங்கேதான் சிக்கல். கோட்டையூரில் ஒரு வீட்டுக்குப் பிள்ளையைப் பார்க்கப் போன பயிற்சி மாணவியிடம் அந்த வீட்டு ஆச்சி, "சிறப்பு டீச்சர்னா, பாட்டு டீச்சரா ஆத்தா?" என்று கேட்டார். ஆச்சி கேட்டது சரிதான். தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறை வழக்கில் ஓவியம், தையல், இசை, உடற்கல்வி எடுப்பவர்களே சிறப்பாசிரியர்கள். 2017இல் ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்திய சிறப்பாசிரியர் தேர்வும் அவர்களுக்கானதே.

'ஸ்பெஷல்' இலத்தீன் வழி வந்தது. வகை என்று பொருள்படும் 'ஸ்பீசிஸ்' அதன் வேர். ஒரு வகைக்கு மட்டும் உரியது என்பதே ஆதிப் பொருள். உசத்தி என்பது பிறகு ஒட்டிக்கொண்டது. நம் 'சிறப்பு' காதில் விழுந்ததும் பெருமைதான் நினைவுக்கு வருகிறது. 'சிறப்பொவ்வா செய்தொழில் வேற்றுமையான்' என்ற குறளில் அந்தப் பொருள்தான். 'சிறப்பொடு பூசனை' என்ற இடத்தில் திருவிழா. ஆனால் இலக்கணக்காரர்கள் பொதுவுக்கு எதிராகச் சிறப்பை வைத்தார்கள்: மரம் பொதுப்பெயர், வேம்பு சிறப்புப்பெயர். நன்னூலின் பொதுப்பாயிரமும் சிறப்புப்பாயிரமும் அப்படித்தான். வேம்பு மற்ற மரங்களைவிட உசத்தி என்று அதற்குப் பொருளில்லை. 'சிறப்புக் கல்வி' என்பதில் உள்ள சிறப்பையும் இந்த இலக்கணக் கண்ணோடு படித்தால் குழப்பம் இல்லை.

அப்புறம் 'எஜுகேட்டர்'. சிலர் 'கல்வியாளர்' என்று எழுதுகிறார்கள். அது கல்விச் சிந்தனையாளரைக் குறிக்கும் சொல், இங்கே பொருந்தாது. அரசின் ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தில் வட்டார வள மையங்களில் வேலை பார்ப்பவர்களுக்குச் 'சிறப்புப் பயிற்றுநர்' என்று பெயர். பயில் என்றால் அடிக்கடி வருதல், பழகுதல். 'இப்பாடலில் பயின்று வந்துள்ள அணி யாது?' என்று பரீட்சையில் கேட்பார்களே, அந்தப் பயில்.

வேலையைப் பார்த்தால் இந்தச் சொல் அப்படியே பொருந்துகிறது. சட்டைப் பொத்தான் போடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். பயிற்சி மாணவர் அதைப் படிப்படியாகப் பிரித்து எழுத வேண்டும்: பொத்தானை நுனிவிரலில் பிடிப்பது, காஜாவுக்கு நேரே கொண்டுவருவது, பாதி நுழைப்பது, மறுபக்கம் இழுப்பது. கடைசிப் படியையே முதலில் சொல்லிக்கொடுப்பது ஒரு முறை. முக்கால்வாசியை ஆசிரியர் செய்துவிடுவார்; பிள்ளை இழுத்தால் மட்டும் போதும், பொத்தான் மாட்டிவிடும். அது கைவந்த பிறகு ஒவ்வொரு படியாகப் பின்னால் போக வேண்டும். வாரக்கணக்கில் ஒரே பொத்தான். பாடத்திட்டக் குறிப்பேட்டில் நாற்பது நிமிடத்துக்கு எழுதிப் பழகிய கைக்கு இது லேசில் வராது.

இவ்வளவு பொருந்தியும், பதவிப் பெயராகப் 'பயிற்றுநர்' எனக்கு ஒப்பவில்லை. தொகுப்பூதியத்தில் பள்ளி பள்ளியாகப் போய்வரும் ஆள், பள்ளிக்கு வெளியாள் என்ற நிழல் அந்தப் பெயரில் விழுந்துவிட்டது. தொடக்க வகுப்புகளில் இப்படிப்பட்ட 10 பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்ற கணக்கை 2021இல் உச்ச நீதிமன்றம் வைத்தது, பள்ளியிலேயே இருக்கும் ஆசிரியரை மனத்தில் கொண்டுதான். ஆகவே 'சிறப்புக் கல்வி ஆசிரியர்' என்பதே சரியான பெயர். படிக்கும்போது 'சிறப்புக் கல்வி மாணவ ஆசிரியர்'. காரைக்குடி பஸ்ஸில் பிள்ளைகள் 'ஸ்பெஷல் பி.எட்.' என்று சொல்லிக்கொள்வது அப்படியே இருக்கட்டும், பணி நியமன ஆணையில் மட்டும் முழுப் பெயரையும் எழுதிவிடலாம்.