நெட் போகிறதா? ரவுட்டரை அணைக்கும் முன் சூட்டையும் வோல்டையும் பாருங்கள்

பிற்பகல் மூன்று மணிக்கு நெட் போனால் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் முதலில் திட்டு வாங்குவது லைன்தான். ‘தோட்டத்துப் பக்கம் அப்படித்தான்’ என்று சொல்லி ரவுட்டரை அணைத்துப் போடுவார்கள். வேலை செய்யும். மறுநாள் அதே நேரத்துக்கு மறுபடியும் போகும். லைன் கோளாறு பெரும்பாலும் வெயிலைப் பார்த்து வருவதில்லை. உச்சி வெயிலுக்குப் பிறகு, அல்லது இடி மழையை ஒட்டி, திரும்பத் திரும்ப வரும் கோளாறு என்றால் சந்தேகப்பட வேண்டியது ரவுட்டரின் வெப்பத்தையும் அதற்குப் போகும் மின்சாரத்தையும்தான்.

இதை இரண்டு நிமிடத்தில் பிரித்துப் பார்த்துவிடலாம். 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்ற முகவரியில் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தால், பல ரவுட்டர்களில் ‘அப்டைம்’ என்று இரண்டு கணக்கு இருக்கும். ரவுட்டர் எத்தனை நேரமாக நிற்காமல் ஓடுகிறது என்பது ஒன்று. இணைய இணைப்பு எத்தனை நேரமாக இருக்கிறது என்பது இன்னொன்று. முதல் கணக்கு பல நாள் காட்டி, இரண்டாவது சில நிமிடமே காட்டினால் கோளாறு லைன் பக்கம். தாராளமாகப் புகார் கொடுங்கள். இரண்டுமே சில நிமிடம்தான் என்றால் ரவுட்டரே விழுந்து எழுந்திருக்கிறது. அதற்குக் காரணம் பெரும்பாலும் நம் சுவருக்குள்ளேதான் இருக்கும். அணைத்துப் போடுவதற்கு முன்பே இதைப் பாருங்கள். அணைத்துவிட்டால் அந்தக் கணக்கும் சேர்ந்து அழிந்துவிடும்.

ரவுட்டர் தனக்கு நடந்ததை நேரத்தோடு எழுதிவைக்கும் லாக் பக்கத்தையும் ஒரு பார்வை பார்க்கலாம். வீட்டு ரவுட்டர் பலவற்றில் கடிகாரத்துக்கென்று தனி பேட்டரி கிடையாது. மின்சாரம் போய் வந்ததும் நேரம் தெரியாமல் 1970 ஜனவரி 1 என்று தொடங்கி, இணையம் கிடைத்த பிறகுதான் சரியான தேதிக்கு வரும். லாக்கின் நடுவே 1970 எட்டிப் பார்த்தால் அந்த இடத்தில் ரவுட்டர் மறுபடியும் கிளம்பியிருக்கிறது என்று அர்த்தம். மைக்ரோடிக் நிறுவனத்தின் ரவுட்டர் என்றால், முறையாக அணைக்கப்படவில்லை, மின்சாரம் போயிருக்கலாம் என்று அதன் லாக்கே சொல்லிவிடும்.

இப்போது சூட்டுக்கு வருவோம். வீட்டு ரவுட்டரின் விவரத்தாளில் இயங்கும் வெப்பநிலை பெரும்பாலும் 0 முதல் 40 டிகிரி செல்சியஸ் என்று இருக்கும். இது உள்ளே இருக்கும் சில்லின் (சிப்பின்) சூடு இல்லை, ரவுட்டரைச் சுற்றியிருக்கும் காற்றின் சூடு. பலர் இங்கேதான் குழம்புகிறார்கள். உள்ளே இருக்கும் சில் 60, 70 டிகிரியில் ஓடுவது சாதாரணம். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். பதற வேண்டியது சுற்றுக் காற்று 40ஐத் தாண்டும்போது. வெளியே 34 டிகிரி அடிக்கும் நாளில், சீலிங் இல்லாத தகரக் கூரை வீட்டில், சுவரின் மேல்மூலையில் மாட்டிய ரவுட்டருக்கு அந்த 40 தூரத்தில் இல்லை. வரவேற்பறையில் வைத்தாலும் பெரும்பாலும் ஆஸ்ட்ரோ டிகோடரின் தலைமேல்தான் வைக்கிறார்கள். டிகோடரே ஓயாமல் சூட்டைக் கக்கும் பெட்டி. அதன் மேல் ரவுட்டர், ரவுட்டரின் மேல் தூசி படாமல் இருக்க ஒரு பூத்துணி. இப்படி வைத்தால் எந்த ரவுட்டரும் நீடிக்காது.

வெப்பம் முதலில் தின்பது மின்தேக்கிகளை (கபாசிட்டர்களை). ரவுட்டரிலும் அதன் அடாப்டரிலும் சிறு உருளையாக நிற்கும் மின்பகுளி மின்தேக்கிகளுக்குள் ஈரப்பசை உண்டு. சூட்டில் அது மெல்ல வற்றுகிறது. வெப்பநிலை 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் எல்லாரும் வைத்துக்கொள்ளும் கணக்கு. வற்றிய மின்தேக்கியின் தட்டையான தலை சற்றே உப்பும், சில சமயம் பழுப்பாகக் கசியும். அந்த நிலையிலும் விளக்குகள் எல்லாம் எரியும், சும்மா இருக்கும்போது ரவுட்டர் நன்றாகவே ஓடும். நாலு பேர் ஒரே நேரத்தில் வீடியோ பார்க்க ஆரம்பித்ததும் வோல்ட் சரிந்து விழுந்துவிடும். அதனால்தான் ‘வாட்ஸ்அப் வருகிறது, யூடியூப் போட்டால் போய்விடுகிறது’ என்ற புகாரைக் கேட்டதும் அடாப்டரைச் சோதிக்கச் சொல்கிறோம்.

சோதிப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. அடாப்டரைத் தனியாகக் கழற்றி மல்டிமீட்டரில் பார்த்தால் கெட்டுப்போன அடாப்டரும் 12 வோல்ட் காட்டலாம். சுமை இருக்கும்போது, அதாவது ரவுட்டரை ஓடவிட்டு, பார்க்க வேண்டும். சிசிடிவி கடைகளில் ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் டிசி வயர் கிடைக்கும். ஒரு முனையை ரவுட்டருக்குக் கொடுத்து, மறுமுனையில் மீட்டரை வைத்து, ஒரு பெரிய கோப்பைப் பதிவிறக்கிக்கொண்டே பாருங்கள். 12 வோல்ட் அடாப்டர் 11.4க்கும் 12.6க்கும் இடையில் நின்றால் நல்லது. 11க்குக் கீழே இறங்கினால் மாற்றிவிடுங்கள். மீட்டர் சராசரியைத்தான் காட்டும். கண்ணிமைக்கும் நேரச் சரிவை அது பிடிக்காது. எனவே எண் சரியாக இருந்தும் கோளாறு தொடர்ந்தால் வேறு அடாப்டர் போட்டுப் பார்ப்பதே கடைசிச் சோதனை. வோல்ட் அதேதான் இருக்கவேண்டும், ஆம்பியர் அதே அளவு அல்லது கூடுதல், பிளஸ் மைனஸ் அமைப்பும் முனையின் அளவும் அதேதான். வீட்டு ரவுட்டர்களில் பரவலாக இருக்கும் முனை வெளிவிட்டம் 5.5 மில்லிமீட்டர், உள்துளை 2.1. உள்துளை 2.5 உள்ளதை மாட்டினால் உள்ளே போகும், ஆனால் லொடலொடவென்று தொட்டும் தொடாமலும் நிற்கும். வாங்கும்போது மலேசியத் தரச் சான்றான சிரிம் முத்திரையையும் பாருங்கள்.

அலுவலகம், பள்ளி, கிளினிக் என்றால் ரவுட்டரே எண்களைச் சொல்லும். மைக்ரோடிக்கின் பல மாதிரிகளில், அதற்கான வின்பாக்ஸ் என்ற மென்பொருளைத் திறந்து ‘சிஸ்டம்’, அதற்குள் ‘ஹெல்த்’ என்று போனால் வோல்டும் வெப்பமும் தெரியும். விலை குறைந்த சிலவற்றில் இந்த வசதி இல்லை. சிஸ்கோவின் அலுவலக ரவுட்டர்களில் ‘ஷோ என்விரான்மென்ட்’ என்ற கட்டளை வெப்பம், விசிறி, பவர் சப்ளை மூன்றையும் காட்டும். காற்று உள்ளே நுழையும் இடத்தின் வெப்பம், வெளியேறும் இடத்தின் வெப்பம் என்று இரண்டு எண் இருந்தால் அவற்றின் வித்தியாசத்தைக் குறித்துவையுங்கள். நுழையும் காற்றே சூடானால் அறைதான் பிரச்சினை. நுழையும் காற்று பழையபடி இருந்து, வித்தியாசம் மட்டும் வாரத்துக்கு வாரம் கூடினால் உள்ளே தூசி அடைத்திருக்கிறது, அல்லது விசிறி தளர்ந்திருக்கிறது. செம்பனை ஆலைப் பக்கமும், லாரி ஓடும் செம்மண் சாலைப் பக்கமும் இந்தத் தூசி சீக்கிரமே அடைக்கும். பல்லியும் எறும்பும் குடியேறுவது தனிக்கதை.

இரண்டு பவர் சப்ளை உள்ள ரவுட்டரில் ஒன்று செத்தாலும் மற்றது தாங்கும். எச்சரிக்கை வைக்காவிட்டால் மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாது. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் குத்தி வைத்தால் இரண்டு இருந்தும் பயன் இல்லை.

பள்ளிக் கணினி அறைகளைப் பற்றி அழுத்திச் சொல்லவேண்டும். பாடம் நடக்கும்போது ஏர்கோன் ஓடுவதால் அங்கே ரவுட்டர் குளிர்ந்தே இருக்கும். பள்ளி விட்டு, ஏர்கோனை அணைத்து, ஜன்னலைச் சாத்திவிட்டுப் போன பிறகுதான் ஆபத்து. பூட்டிய இரும்புப் பெட்டிக்குள் பிற்பகலிலும் சனிக்கிழமையிலும் வெப்பம் ஏறும். காலையில் வந்து பார்ப்பவருக்கு அந்த உச்சம் தெரியவே தெரியாது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணைப் பதிவுசெய்யும் கண்காணிப்பு இங்கேதான் கைகொடுக்கும். லிப்ரென்எம்எஸ், சாபிக்ஸ் என்ற கண்காணிப்பு மென்பொருள் இரண்டும் இலவசம். நெட்வொர்க் கருவிகளிடம் விவரம் கேட்கும் எஸ்என்எம்பி முறை வழியாக ரவுட்டரிடம் கேட்டு அவை வரைபடமாகத் தீட்டித் தரும். இரண்டு வாரம் ஓடவிட்டு அந்த இடத்தின் வழக்கமான உச்சத்தைத் தெரிந்துகொண்டு, அதற்கு 10 டிகிரி மேலே எச்சரிக்கையை வையுங்கள். தொழிற்சாலை வைத்துத் தந்த எல்லை பொருளைக் காப்பாற்றும் கடைசி எல்லை. அது அலறும்போது நேரம் கடந்திருக்கும்.

ஒன்றை மறக்கக்கூடாது. ரவுட்டர் செத்தால் ‘செத்தேன்’ என்ற செய்தியும் அதே ரவுட்டர் வழியாகத்தான் போகவேண்டும், ஆகவே போகாது. வெளியே வேறோர் இடத்திலிருந்து அதைத் தட்டிப் பார்த்து, பதில் வராவிட்டால் டெலிகிராமில் சொல்லும்படி ஓர் ஏற்பாடு கட்டாயம் வேண்டும்.

கோயில் மண்டபத்துக்கு நீண்ட லேன் கேபிள் வழியாகவே மின்சாரம் கொடுத்து வைஃபை பெட்டி மாட்டியிருந்தால் வோல்டைக் கூடுதலாகக் கவனியுங்கள். 24 வோல்ட் கொடுத்து, 80 மீட்டர் கேட்5இ வகை லேன் கேபிளில் அரை ஆம்பியர் ஓடினால் மறுமுனையில் சுமார் 20தான் மிஞ்சும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவுக் கேபிள் என்றால் இன்னும் குறையும். முழுச் செம்பு கேபிளுக்குக் கொடுக்கும் காசு வீண் இல்லை.

ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி அதிகம். திடீர் மின்பாய்ச்சலைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டர் ஒவ்வோர் அடியிலும் கொஞ்சம் தேயும். அதன் பாதுகாப்பு விளக்கு அணைந்துவிட்டால், சாக்கெட் வேலை செய்தாலும் காவல் போய்விட்டது. எர்த் சரியில்லாத பழைய லயத்து வீட்டில் புரொடெக்டர் பேருக்குத்தான் இருக்கும். முதலில் வயர்மேனை அழைத்து எர்த்தை அளக்கச் சொல்லுங்கள். இடி நெருங்குகிறது என்றால் பிளக்கை மட்டும் கழற்றினால் போதாது. செம்புக் கம்பியில் வரும் டெலிபோன் லைனையும், வெளியிலிருந்து வரும் லேன் கேபிளையும் சேர்த்துக் கழற்றவேண்டும்.

யுபிஎஸ் வாங்குபவர்கள் அதன் பேட்டரியையும் சூட்டிலிருந்து காப்பாற்றவேண்டும். 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி ஈயப் பேட்டரியில் இருப்பது 84 வாட்-மணி. யுபிஎஸ் மாற்றும்போது ஒரு பங்கு வீணாகும். ரவுட்டரும், ஃபைபர் லைன் வந்து சேரும் ஃபைபர் பெட்டியும் சேர்ந்து 20 வாட் இழுத்தால் புதிய பேட்டரிக்கு இரண்டு மணி நேரம் என்று எதிர்பார்க்கலாம். ஃபைபர் பெட்டியை யுபிஎஸ்ஸில் சேர்க்க மறந்துவிட்டு, ‘கரண்ட் இல்லாதபோது வைஃபை இருக்கிறது, நெட் இல்லை’ என்று குழம்புகிறவர்கள் நிறையப் பேர். 25 டிகிரியில் மூன்று முதல் ஐந்து வருடம் வரவேண்டிய பேட்டரி, 35 டிகிரி அறையில் பாதிக் காலம்தான் வரும். பேட்டரி மாற்றிய தேதியை மார்க்கர் பேனாவால் யுபிஎஸ்ஸின் மேலேயே எழுதிவையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுவர் சுவிட்சை அணைத்து, எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று அதன் பக்கத்திலேயே குறியுங்கள். முதல் தடவை தாங்கியதில் பாதிக்கு இறங்கியதும் புதுப் பேட்டரி வாங்கிவிடலாம்.