‘ஐயா வரச் சொன்னவர்’ என்று வரும் பொதியை நம்பலாமா?

போன கிழமை கொக்குவிலில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று கூப்பிட்டிருந்தார். பத்து நிமிடத்தில் அது சரியாகிவிட்டது. தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போது அவர் கேட்டார்: “தம்பி, காசு குடுக்காமல் போடக்கூடிய நல்ல பயர்வோல் ஒன்று சொல்லும். மகன் கனடாவிலயிருந்து ஒன்று சொல்லுறான், இங்க கடைக்காரப் பெடியன் வேறொன்று சொல்லுறான்.”

பலரும் கேட்கிற கேள்வி என்பதால் அவருக்குச் சொன்ன பதிலை முதலிலேயே எழுதிவிடுகிறேன். விண்டோஸ் 10 அல்லது 11 ஓடும் வீட்டுக் கணினியில் நல்ல தீச்சுவர், அதாவது வலையமைப்பில் வருவதையும் போவதையும் காவல் காக்கும் பயர்வோல், ஏற்கெனவே இருக்கிறது. யாரும் நிறுத்தி வைக்காவிட்டால் அது ஓடிக்கொண்டும் இருக்கிறது. அதற்கு மேல் ஒன்று வேண்டுமா என்பது, தீச்சுவர் உள்ளே என்ன செய்கிறது என்று தெரிந்தால் தானாக விளங்கும்.

இணையத்தில் எல்லாமே சிறு பொதிகளாகப் போய்வருகின்றன. ஒவ்வொரு பொதியிலும் அனுப்பியவரின் ஐபி முகவரி, பெறுபவரின் ஐபி முகவரி, இரண்டு பக்கத்துத் துறை எண்கள் (கணினிக்குள் எந்தச் சேவைக்கு அல்லது நிரலுக்கு உரியது என்று காட்டுபவை) என்பவை இருக்கும். துறை எண் 65,535 வரை போகும். இணையத்தளங்களுக்கு 443, விண்டோஸ் கோப்புப் பகிர்வுக்கு 445. இவ்வளவும் பள்ளிக்கூடத் தகவல் தொழில்நுட்பப் பாடத்தில் வருவதுதான்.

சரி, ‘வெளியிலிருந்து வரும் எதையும் உள்ளே விடாதே’ என்று ஒரு விதி போடுவோம். பாதுகாப்புத்தான். ஆனால் நீங்கள் ஒரு செய்தித்தளத்தைத் திறந்தால் அந்தப் பக்கமும் வெளியிலிருந்துதானே வரவேண்டும்? அதுவும் படலையில் நின்றுவிடும். நாம் கேட்டு வந்த பதில் எது, கேளாமல் வந்த அந்நியன் எது என்று பிரித்தறிவது எப்படி? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஆரம்பகாலத் தீச்சுவர்கள் ஒரு சுருக்கு வழி வைத்திருந்தன. இணையத்தில் பெரிதும் பயன்படும் டிசிபி என்ற தொடர்பு முறையில் இரண்டு கணினிகள் பேசத் தொடங்கும்போது மூன்று பொதிகள் கைமாறும். முதலாமது ‘பேசலாமா’ என்று கேட்கும். இரண்டாவது ‘பேசலாம், நீ சொன்னது கிடைத்தது’ என்னும். மூன்றாவது ‘நீ சொன்னதும் எனக்குக் கிடைத்தது’ என்று முடிக்கும். முதற்பொதியைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் ‘கிடைத்தது’ என்ற அடையாளம், ஆக் எனப்படும் ஒரேயொரு பிட், இருக்கும். அந்த பிட் இருந்தால் இது பழைய பேச்சின் தொடர்ச்சி, உள்ளே விடு. இல்லாவிட்டால் புதிதாகக் கதவு தட்டுகிறவன், மறித்துவிடு. அதுதான் விதி.

இதில் உள்ள ஓட்டையைப் புரியவைக்க என் அப்பாச்சியைச் சொல்லவேண்டும். எங்கள் பழைய வீட்டில் கிடுகு வேலி, ஒழுங்கைப் பக்கமாக ஒரு படலை. அப்பாச்சி முன் திண்ணையில் இருந்தபடி ஓலை பின்னிக்கொண்டிருப்பார். யாராவது படலையைத் திறந்து “ஐயா வரச் சொன்னவர்” என்று சொன்னால் உடனே உள்ளே விடமாட்டார். அந்த வார்த்தையை யாரும் சொல்லலாம். பழைய தீச்சுவர் அந்த வார்த்தையைத்தான் நம்பியது. ஆக் பிட்டைப் பொதியில் வைப்பது அனுப்புகிறவன் கையில் இருக்கிறது. கேளாமலே அதை வைத்து அனுப்பினாலும் பொதி வேலியைத் தாண்டி உள்ளே வரும். எந்தக் கணினி உயிரோடு இருக்கிறது என்று நோட்டம் பார்க்க இந்த வழியைப் பயன்படுத்தினார்கள்.

அப்பாச்சி செய்தது வேறு. காலையில் யார் எதற்காக வெளியே போனார்கள் என்பது அவருக்கு ஞாபகம் இருக்கும். தேங்காய் பிடுங்க ஆள் கூட்டிவர என்னை அனுப்பியிருந்தால், அந்த ஆள் வரும்போது தடை இல்லை. சந்தேகம் வந்தால் இன்னொன்றும் கேட்பார்: “எத்தனை மரம் பிடுங்கச் சொன்னவர்?”

இன்றைய தீச்சுவர் செய்வது அச்சொட்டாக இதுதான். உள்ளிருந்து ஒரு பொதி வெளியே போகும்போதே தன் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதிக்கொள்கிறது: இங்கிருந்து 192.168.1.5, துறை 51834; அங்கே இன்ன முகவரி, துறை 443; முறை டிசிபி. இந்த ஐந்தும் சேர்ந்தால் அந்தப் பேச்சை வேறொன்றோடு குழப்ப முடியாது. பதில் வரும்போது அனுப்பியவரும் பெறுபவரும் இடம்மாறிய அதே ஐந்தும் இருக்கிறதா என்று பார்க்கும். பொதி தன்னைப்பற்றி என்ன சொல்கிறது என்பதற்கு முன், அதைப் பற்றித் தன்னிடம் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கிறது.

மரக்கணக்குக் கேட்கும் வேலையும் உண்டு. டிசிபி பேச்சின் ஒவ்வொரு பொதியிலும் ஒரு வரிசை எண் இருக்கும். அது சுழியத்திலிருந்து 4,294,967,295 வரை எங்கிருந்தும் தொடங்கலாம். லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில் உள்ள தீச்சுவர் அந்த எண்ணையும் கவனித்து, இப்போது வரக்கூடிய எல்லைக்குள் இல்லாத பொதியைச் செல்லாதது என்று குறித்துவிடும். முகவரிகளை ஊகித்துப் பொய்யாக அனுப்புகிறவன்கூட இந்த எண்ணில் தடுக்கி விழுவான்.

பெயரைக் கொடுத்து முகவரி கேட்கும் டிஎன்எஸ் போன்றவை யூடிபி முறையில் போகும். அங்கே ‘பேசலாமா’ என்ற தொடக்கமும் இல்லை, ‘போய்வருகிறேன்’ என்ற முடிவும் இல்லை. அங்கே தீச்சுவர் மணிக்கூட்டைப் பார்க்கிறது. கேள்வி வெளியே போனதிலிருந்து 30 வினாடிக்குள் பதில் வராவிட்டால் வரியை அழித்துவிடும். இது லினக்ஸின் இயல்பான அளவு. அதே லினக்ஸ், நன்றாக நடந்துகொண்டிருந்து மௌனமான ஒரு டிசிபி பேச்சுக்கு 5 நாள் வரை வரியை வைத்துக் காத்திருக்கும்.

குறிப்பேட்டு முறையை 1994இல் செக் பொயின்ட் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2001 ஜனவரியில் வந்த லினக்ஸ் 2.4இல் அதே திறமை இலவசமாக எல்லோர் கைக்கும் கிடைத்தது. விண்டோஸ் எக்ஸ்பியிலும் ஒன்று இருந்தது, ஆனால் அது இயல்பாக நிறுத்தப்பட்டிருந்தது. 2003 ஓகஸ்டில் பிளாஸ்டர் என்ற புழு (தானாகப் பரவும் தீய நிரல்) 135ஆம் துறைவழியாகக் கணினிகளுக்குள் புகுந்து ஆட்டிவைத்த பிறகு, 2004இல் எக்ஸ்பிக்கு வந்த இரண்டாம் சேர்வீஸ் பாக் என்ற பெரிய திருத்தத் தொகுப்பில் தீச்சுவரை இயல்பாகவே ஓடவிட்டார்கள். ‘தீச்சுவர் என்றால் தனியாகத் தேடிப் போடவேண்டும்’ என்ற எண்ணம் அதற்கு முந்தைய காலத்தின் மிச்சம்.

ஆசிரியரின் கணினியில் கறுப்புத் திரையைத் திறந்து நெட்ஸ்டாட் கட்டளையைக் கொடுத்துக் காட்டினேன். அது தீச்சுவரின் குறிப்பேடு இல்லை, கணினி தானே வைத்திருக்கும் பேச்சுப் பட்டியல். ஆனாலும் உருவம் ஒன்றுதான். உலாவியில் ஒரேயொரு பத்திரிகைத் தளம் திறந்திருந்தது. திரையில் முப்பதுக்கு மேற்பட்ட வரிகள். “இவ்வளவு பேரோடையும் நானா கதைக்கிறன்?” என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வரிவரியாக எண்ணினார். விளம்பரங்கள், எழுத்துருக்கள், விண்டோஸ் புதுப்பித்தல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி.

அந்த வரிகள் எல்லாவற்றையும் உள்ளிருந்து தொடங்கியவை, அவருடைய கணினியில் இருக்கும் நிரல்கள்தான். குறிப்பேட்டின் பலவீனமும் இதுவே. வீட்டுப் பேரனே போய்க் கள்ளனைக் கூட்டிவந்தால் அப்பாச்சியின் கணக்கில் அது சரியான வரவு. திருட்டுப் பிரதி விளையாட்டோடு ஒட்டிவந்த தீநிரல் உள்ளிருந்து வெளியே பேசினால், விண்டோஸ் தீச்சுவர் வரி எழுதிக் கதவைத் திறக்கும். இயல்பான அமைப்பில் அது உள்வருவதை மறிக்கும், வெளியே போவதை விட்டுவிடும்.

தனி மென்பொருள் உதவுவது இந்த ஒரு இடத்தில்தான். விண்டோஸில் டைனிவோல், சிம்பிள்வோல் என்ற இரண்டையும் சொல்வேன். இரண்டும் இலவசம், இரண்டும் விண்டோஸுக்குள் ஏற்கெனவே இருக்கும் வடிகட்டும் பொறியையே பயன்படுத்துகின்றன. டைனிவோல் நாம் அனுமதித்த நிரல்களைத் தவிர வேறெதையும் வெளியே விடாது, கேள்விப்பெட்டி காட்டித் தொந்தரவும் செய்யாது. சிம்பிள்வோல் புதிய நிரல் ஒன்று வெளியே போகப் பார்த்தால் கேட்கும். எது என்னவென்று வாசித்துப் பார்க்கப் பொறுமை உள்ளவருக்கு அது நல்லது. மாக் கணினியில் உள்ள தீச்சுவரை நீங்களே போய் ஓடவிடவேண்டும், வெளியே போவதைக் கவனிக்க லூலு என்ற மென்பொருள் இருக்கிறது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவில் யூ.எஃப்.டபிள்யூ என்ற தீச்சுவர் ஏற்கெனவே இருக்கிறது, ஆனால் உறங்கிக்கொண்டிருக்கும். ஒரு வரிக் கட்டளையில் எழுப்பலாம்.

இரண்டு முழுத் தீச்சுவர்களை ஒன்றாகப் போட்டால் இரட்டைப் பாதுகாப்பு என்பது வெறும் நம்பிக்கை. சரசுவதி பூசைக்கு நானும் மடிக்கணினிக்குச் சந்தனம் வைக்கிறவன்தான், அது கல்விக்குச் செய்யும் மரியாதை. கேடயப் படம் போட்ட மென்பொருள் எண்ணிக்கை கூடினால் காப்பு என்று நினைப்பது அந்த வகையில் சேராது. இரண்டும் ஒரே பொதிக்காக மல்லுக்கட்டி, கடைசியில் இணையம் வேலை செய்யவில்லை என்று இரண்டையும் நிறுத்திவிடுகிறவர்களைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

எனக்கு உண்மையில் கவலை தருவது கேள்விப்பெட்டிகள். ‘இந்த நிரலை அனுமதிக்கவா’ என்று எங்கள் வீடுகளில் அது பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் கேட்கிறது. சமைத்துக்கொண்டிருந்த கையைத் துடைத்துவிட்டு வந்து பார்க்கும் அம்மா ‘ஆம்’ என்பதைத்தான் அழுத்துவார். ஆங்கிலத்தை அப்படியே தமிழாக்கினாலும் போதாது, என்ன கேட்கப்படுகிறது என்று விளங்கும் தமிழ் வேண்டும். எங்கள் பல்கலைக்கழக மாணவர்கள் செய்யக்கூடிய மிக நல்ல ஆய்வு இது. பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை, நாலு வீட்டுக்குப் போய் இருந்து பார்க்க நேரமும் கொஞ்சப் பணமும் போதும். அந்தக் கொஞ்சப் பணத்தை யாராவது ஒதுக்கவேண்டும்.

இன்னொன்றையும் ஆசிரியரிடம் சொன்னேன். வீட்டு ரூட்டரும் குறிப்பேடு வைத்திருக்கிறது, அதனால் வீட்டில் இரண்டு வேலி. மடிக்கணினியை வெளியே கொண்டுபோய்ப் பொது வைஃபையில் இணைத்தால் முதல் வேலி இல்லை, அங்கே ‘பொது வலையமைப்பு’ என்பதையே தெரிவுசெய்யவேண்டும். அவருடையது விண்டோஸ் 10. அதற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு உதாரணம்: 2017 மே மாதம் வன்னாகிரை என்ற தீநிரல் 445ஆம் துறைவழியாகப் பரவியபோது, அந்த ஓட்டைக்கான திருத்தம் மார்ச் மாதமே வந்திருந்தது. பெரும்பாலும் அதைப் போடாதவர்கள்தான் மாட்டினார்கள்.

டைனிவோலைப் போட்டு உலாவி, பிரிண்டர், கனடாவுக்குக் கதைக்கும் செயலி மூன்றையும் அனுமதித்தோம். மாலையில் தொலைபேசியில் வந்தார்: பேரனின் செஸ் விளையாட்டு இணையவில்லையாம். விளையாட்டைத் திறந்து வைத்துக்கொண்டு டைனிவோல் பட்டியலில் ‘சாளரத்தால் அனுமதி’ என்பதை அழுத்தி, பிறகு விளையாட்டின் சாளரத்தின் மேல் ஒருமுறை அழுத்தச் சொன்னேன். “வந்திட்டுது தம்பி” என்றார். பின்னால் பேரன் குதிரையை நகர்த்தியதாக யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தான்.