ஒரே சீசனில் நான்கு ஏசிஎல்: ஆர்சனல் பெண்கள் அணியை வைத்து ஒரு பிசியோ சொல்வது

பெண் கால்பந்து ஆட்டக்காரர்களின் முட்டிக் காயத்தைப் பற்றி யார் கேட்டாலும், இங்கிலாந்து மகளிர் சூப்பர் லீக்கின் 2022-23 சீசனில் இருந்துதான் ஆரம்பிப்பேன். விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட் நான். அந்த ஒரு சீசனில் ஆர்சனல் அணிக்கு நடந்ததை விளக்கினாலே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

2022 நவம்பர் 19, மான்செஸ்டர் யுனைடெட்டுடன் ஆட்டம். கடைசி நிமிடங்களில் பெத் மீட் முட்டியைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். நாலு மாதம் முன்புதான் யூரோ கோப்பையில் அதிக கோல் அடித்து, தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் வாங்கியவர். டிசம்பர் 15, சாம்பியன்ஸ் லீக்கில் லியோனுக்கு எதிராக விவியன் மீடெமா. 2023 ஏப்ரல் 19, மறுபடி யுனைடெட்டுடன் ஆடும்போது, ஆட்டம் சூடுபிடிக்கும் முன்பே லியா வில்லியம்சன், இங்கிலாந்தின் கேப்டன். பன்னிரண்டு நாள் கழித்து, வோல்ஃப்ஸ்பர்க்குடன் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் மாற்று ஆட்டக்காரராக இறங்கிய லாரா வீன்ராய்தர். நால்வருக்கும் ஒரே காயம்: ஏசிஎல், அதாவது முட்டிக்குள் குறுக்காக ஓடி, கால் எலும்பு முன்பக்கம் நழுவாமல் பிடித்து வைக்கும் தசைநார் கிழிந்தது.

அந்த அரையிறுதிக்கு எமிரேட்ஸ் மைதானத்தில் 60,063 பேர் வந்திருந்தார்கள். கூடுதல் நேரத்தின் கடைசியில் வாங்கிய கோலால் ஆர்சனல் வெளியேறியது. லீக்கில் மூன்றாம் இடம். செல்சி தொடர்ந்து நான்காவது முறையாகப் பட்டத்தைத் தட்டிச் சென்றது. இவ்வளவு அடிபட்டும் மார்ச்சில் அதே செல்சியை 3-1 என வீழ்த்தி ஆர்சனல் லீக் கோப்பையை வாங்கியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதைக் கேட்டவுடன் பலரும் சொல்வது, “பொம்பளைப் பிள்ளைங்க உடம்பு அப்படித்தானே?” பாதி உண்மை. ஆண்களைவிடப் பெண் ஆட்டக்காரர்களுக்கு ஏசிஎல் கிழியும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு அதிகம் என்று ஆய்வுகள் பல ஆண்டுகளாகச் சொல்கின்றன. இடுப்பு அகலம், தொடை எலும்பு முட்டியில் சேரும் கோணம், மாதவிடாய்ச் சுழற்சியில் மாறும் ஹார்மோன் எனக் காரணங்களை அடுக்கலாம். ஹார்மோன் விஷயத்தில் இன்னும் உறுதியான முடிவு வரவில்லை. ஆனால் இடுப்பு எலும்பை நாம் மாற்ற முடியாது. மாற்ற முடிந்தவற்றை விட்டுவிட்டு மாற்ற முடியாததையே பேசிக்கொண்டிருப்பது எனக்கு எரிச்சலாக இருக்கும்.

மாற்ற முடிந்தவை என்னென்ன? முதலில் ஓய்வு. 2022 ஜூலை 31 அன்று யூரோ இறுதிப் போட்டி. செப்டம்பரில் லீக் தொடங்கிவிட்டது. லீக்கில் மட்டும் 22 ஆட்டம், அதற்கு மேல் இரண்டு உள்நாட்டுக் கோப்பைகள், சாம்பியன்ஸ் லீக், தேசிய அணி ஆட்டங்கள். அடுத்தது தரை. 2023 ஜனவரி 22 அன்று செல்சி, லிவர்பூல் ஆட்டம் உறைந்துபோன தரையில் தொடங்கி, ஆட்டக்காரர்கள் வழுக்கி வழுக்கி விழ, ஆறே நிமிடத்தில் நிறுத்தப்பட்டது. நாட்டின் முதல்நிலை லீக்கில் நடந்தது இது! தரைக்கு அடியில் சூடாக்கும் ஏற்பாடு வேண்டும் என்று அப்போதைய செல்சி பயிற்சியாளர் எம்மா ஹேய்ஸ் அன்றே கேட்டார். பிறகு ஷூ. பெரும்பாலும் ஆண்களின் பாத அச்சில் செய்து, சைஸை மட்டும் குறைத்து விற்கிறார்கள். ஐரோப்பிய கிளப் சங்கம் 2023இல் வெளியிட்ட ஆய்வில் பெண் ஆட்டக்காரர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஷூவால் அசௌகரியம் என்று சொல்லியிருந்தார்கள்.

நம் பக்கமும் இப்படித்தான். மதுரையின் சேது எஃப்சி 2019இல் இந்திய மகளிர் லீக்கை வென்றபோது மொத்தத் தொடரும் லூதியானாவில், மே மாத வெயிலில், மூன்று வாரத்துக்குள் நடத்தி முடிக்கப்பட்டது. அந்தக் கால்களுக்கு எப்போது ஓய்வு கிடைத்திருக்கும்?

நான்காவதுதான் என் வேலைக்கு நேரடியாக வருவது: கால் ஊன்றும் முறை. என்னிடம் வரும் பெண்களை ஒரு தாழ்ந்த ஸ்டூலில் ஏற்றி, கீழே குதித்து அப்படியே நிற்கச் சொல்வேன். முன்னால் இருந்து போனில் ஸ்லோமோஷனில் எடுத்து அவர்களிடமே காட்டுவேன். பாதம் தரையைத் தொட்ட நொடியில் முட்டி இரண்டும் உள்பக்கமாகச் சாய்ந்து, கிட்டத்தட்ட ஒன்றையொன்று முட்டும். “அய்யோ, நானா இப்படிக் குதிக்கிறேன்?” என்பார்கள். பாதம் தரையில் பதிந்திருக்க, முட்டி உள்ளே சாய்ந்து, உடம்பு மட்டும் திரும்பும்போதுதான் ஏசிஎல் அறுகிறது. பெரும்பாலும் எதிராளி இடித்துக் கிழிவதில்லை. ஓடிவந்து சட்டென்று நிற்கும்போதும், திசை மாற்றும்போதும், ஹெட்டர் போட்டு இறங்கும்போதும் கிழிகிறது. பையன்களுக்குப் பத்து வயதிலேயே ஜிம், ஓட்டம், கோச் எல்லாம் கிடைக்கிறது. பெண் பிள்ளை பதினான்கு வயதில் பள்ளி அணியில் சேர்ந்து நேரே மேட்ச் ஆடுகிறாள். குதித்து இறங்க யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

இதற்கு மருந்து இருக்கிறது, காசும் தேவையில்லை. ஃபிஃபாவின் 11+ என்ற வார்ம்-அப் பயிற்சி. 20 நிமிடம்: முதல் 8 நிமிடம் மெதுவான ஓட்டம், அடுத்த 10 நிமிடம் வலு, சமநிலை, குதித்தல், கடைசி 2 நிமிடம் வேகமான ஓட்டம். நார்வேயில் பெண் பிள்ளைகளின் அணிகளை வைத்துச் செய்து 2008இல் வெளியான ஆய்வில், இதை ஒழுங்காகச் செய்த அணிகளில் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. “ஒழுங்காக” என்பதுதான் சிக்கல். மைதானம் ஒரு மணி நேரம்தான் கிடைக்கும், அதில் இருபது நிமிடமா என்று கோச்சுகள் முகம் சுளிப்பார்கள். இரண்டு ரவுண்டு ஓடிவிட்டு, காலை நீட்டி மடக்கிவிட்டு ஆடத் தொடங்கிவிடுவார்கள். அது வார்ம்-அப் கணக்கில் சேராது.

சரி, கிழிந்துவிட்டால்? என்னிடம் வருபவர்களின் கதை பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். ‘டப்’ என்று உள்ளே ஒரு சத்தம் கேட்டிருக்கும். இரண்டு மூன்று மணி நேரத்தில் முட்டி வீங்கியிருக்கும். சுளுக்கு என்று எண்ணெய் போட்டு உருவி விட்டிருப்பார்கள். எக்ஸ்ரே எடுத்து, எலும்பில் ஒன்றும் இல்லை என்றதும் நிம்மதியாகியிருப்பார்கள். எக்ஸ்ரேயில் தசைநார் தெரியாது. மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்து, பிள்ளை மறுபடி ஆட இறங்குவாள். திரும்பும்போது முட்டி விலகிக் கீழே விழுவாள். ஒவ்வொரு முறை விலகும்போதும் உள்ளே இருக்கும் ஜவ்வு, மெனிஸ்கஸ், நசுங்குகிறது. அதனால் சத்தமும் உடனடி வீக்கமும் சேர்ந்து வந்தால் உருவி விடாதீர்கள். ஐஸ் வையுங்கள், காலை உயர்த்தி வையுங்கள், எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் கையால் முட்டியை இழுத்துப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடுவார், எம்ஆர்ஐயில் உறுதியாகும்.

அப்புறம், அவசரம். கிழிந்ததற்குப் பதிலாக ஆபரேஷனில் புதிதாக வைக்கும் தசைநார், அதாவது கிராஃப்ட், பிடுங்கி நட்ட நாற்று மாதிரி: முதலில் துவண்டு, பிறகுதான் வேர் பிடிக்கும். ஐந்தாவது மாதத்தில் வலி இருக்காது, ஓடவும் முடியும், உள்ளே கிராஃப்ட் இன்னும் தயாராகியிருக்காது. அப்போது பார்த்துத்தான் மாவட்ட செலக்‌ஷன் வரும். “ஒரு மேட்ச் மட்டும் சார்” என்பார்கள். ஒன்பது மாதத்துக்கு முன் ஆட இறங்குகிறவர்களுக்கு மறுபடி கிழியும் ஆபத்து பல மடங்கு. ஒன்பது மாதம் ஆனாலும், ஒற்றைக் காலில் தாவும் டெஸ்டிலும் தொடை வலுவிலும் அடிபட்ட கால் மற்றக் காலின் 90 சதவீதத்தையாவது எட்டாமல் நான் விடுவதில்லை.

பெத் மீட் அடிபட்டு எட்டு மாதத்தில் உலகக் கோப்பை வந்தது. இங்கிலாந்து பயிற்சியாளர் சரீனா வீக்மன் அவரை அணியில் எடுக்கவில்லை. அக்டோபரில்தான் மீட் களம் திரும்பினார், மீடெமாவும் அதே மாதம். வில்லியம்சன் 2024 ஜனவரியில். காத்திருந்ததில் யாருக்கும் நஷ்டமில்லை: 2025 மே மாதம் லிஸ்பனில் பார்சிலோனாவை 1-0 என வென்று ஆர்சனல் சாம்பியன்ஸ் லீக் கோப்பையை எடுத்தபோது, அந்த ஒரு கோலுக்கான பாஸ் மீட் கொடுத்தது.

பெற்றோர் கேட்கும் இன்னொரு கேள்வி, தழும்பு தெரியுமா, நாளைக்குக் கல்யாணத்தில் பிரச்சினை வருமா என்று. துளை வழியாகச் செய்யும் ஆபரேஷன்தான், கிராஃப்ட் எடுத்த இடத்தில் சின்னத் தழும்பு இருக்கும். என்னைக் கேட்டால், முப்பது வயதில் மாடிப்படி ஏற முடியாத முட்டிதான் பிரச்சினை. மகளை அணியில் சேர்க்கும்போது கோச்சிடம் ஃபீஸோடு இதையும் கேளுங்கள்: வாரத்தில் எத்தனை நாள், எத்தனை நிமிடம் வார்ம்-அப் செய்கிறார்கள், குதித்து இறங்கச் சொல்லித் தருகிறார்களா என்று.