டிசைன்-பில்ட்: வடிவமைத்துக் கட்டுதல்

நூலகம், தீயணைப்பு நிலையம், நீதிமன்றம் போன்ற பொதுக் கட்டடங்களுக்கான ஒப்பந்த அறிவிப்புகளில் 'டிசைன்-பில்ட்' என்ற சொல் அடிபடும். வரைபடம் போடுவதும் கட்டி முடிப்பதும் ஒரே ஒப்பந்தம், ஒரே பொறுப்பாளர் என்பது இதன் பொருள். அந்தப் பொறுப்பாளர் தனி நிறுவனமாக இருக்கலாம். கட்டடக் கலைஞரும் ஒப்பந்தக்காரரும் சேர்ந்த கூட்டாகவும் இருக்கலாம்.

வழக்கமான முறை வேறு. கட்டடக் கலைஞர் முழுதாக வரைந்து கொடுப்பார்; அதை வைத்து டெண்டர் விடுவார்கள்; வென்றவர் கட்டுவார். சரி, வரைபடமே தவறாக இருந்தால்? அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு 1918இல் ஸ்பியரின் வழக்கில் வந்த கேள்வி இதுதான். புரூக்ளின் கடற்படைத் தளத்தில் கப்பல் பழுதுபார்க்கும் உலர்துறைக்காக, அரசு கொடுத்த வரைபடப்படியே ஒப்பந்தக்காரர் கழிவுநீர்க் குழாயை மாற்றிப் போட்டார். பெருமழையில் அது உடைந்து, தோண்டிய இடத்தில் வெள்ளம் புகுந்தது. வரைபடத்தின் குறைக்கு அவர் பொறுப்பல்ல என்று தீர்ப்பு. டிசைன்-பில்ட் முறையில் இப்படி விலகிக்கொள்வது கடினம்; வரைந்த கையும் கட்டிய கையும் ஒன்றே. மேல்தள வரைபடம் முடியுமுன் அடித்தள வேலையைத் தொடங்கலாம் என்பதால் காலமும் மிச்சம்.

ஆனால் கட்டடக் கலைஞர் ஒப்பந்தக்காரர் பக்கம் போய்விடுவதால், உரிமையாளருக்காக வேலையைக் கண்காணிக்கத் தனியாக ஒருவர் வேண்டும். தேவைகளைத் தொடக்கத்திலேயே தெளிவாக எழுதித் தராத உரிமையாளர் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் பணம் கொடுக்க நேரும். என்னைக் கேட்டால், வேகத்தைப் பற்றிப் பேசும் அளவுக்கு இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

'டிசைன்' என்பதன் வேர் லத்தீன்: குறியிட்டுக் காட்டுதல். 'பில்ட்' பழைய ஆங்கிலத்தில் குடியிருப்பைக் குறித்த சொல்லோடு உறவுடையது. இந்த இரண்டையும் இணைத்த பெயர் புதிது, கருத்து பழையது. 'ஆர்க்கிடெக்ட்' என்பதன் கிரேக்க மூலத்தைப் பிரித்தால் தலைமை, தச்சன் என்று வரும்; அதாவது திட்டமிடுபவரும் கட்டுபவரும் ஒருவரே. நம் 'பெருந்தச்சன்' அதே அமைப்புத்தான்.

தமிழில் சிலர் 'வடிவமைப்பு மற்றும் கட்டுமானம்' என்று எழுதுகிறார்கள். அது போதாது, பழைய முறையிலும் அந்த இரண்டும் உண்டே! 'வடிவமைத்துக் கட்டுதல்' என்பதே என் தேர்வு. 'செய்து' என்னும் வாய்பாட்டு எச்சம் தன் வினைமுதலின் வினையையே கொண்டு முடியும் என்கிறது தொல்காப்பியம். அதாவது வடிவமைப்பவரே கட்டவும் வேண்டும். ஒரே பொறுப்பு என்ற கருத்தை இலக்கணமே சொல்லிவிடுகிறது. இதிலிருந்து 'வடிவமைத்துக் கட்டும் ஒப்பந்தம்', 'வடிவமைத்துக் கட்டுநர்' என்றெல்லாம் எளிதாக ஆக்கிக்கொள்ளலாம்.

அப்புறம், 'டர்ன்கீ' இதற்கு மறுபெயர் அல்ல. அது பொதுவாக உள்கருவிகள்வரை பொருத்தி, உடனே பயன்படுத்தும் நிலையில் சாவியைக் கொடுப்பது. அதற்கு 'ஆயத்தநிலை ஒப்படைப்பு' பொருந்தும்.