ஹெட்செட்டின் இடது லென்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது

பொங்கல் லீவு முடிந்த வாரம் எங்கள் கண் ஓபியில் கரும்புத் தோகை கீறியவர்கள் வருவார்கள். இது பழைய வழக்கம். இரண்டு மூன்று வருடங்களாக இன்னொரு கூட்டமும் சேர்ந்திருக்கிறது: டிசம்பரில் ஊருக்கு வந்த மாமாவோ சித்தப்பாவோ வாங்கிக் கொடுத்த விஆர் ஹெட்செட்டை (கண்ணை மூடி மாட்டிக்கொண்டு உள்ளே படம் பார்க்கும் கருவி) குற்றவாளியாக்கி அழைத்து வரும் பெற்றோர்.

கடைசியாக வந்தவன் ஏழு வயதுப் பையன். விளையாட்டில் குறி பார்ப்பதற்காக வலது கண்ணை மூடியிருக்கிறான், எல்லாம் மங்கிவிட்டது. "இடது லென்ஸ் சரியில்லை" என்றானாம். அப்பா லென்ஸைத் துடைத்தார். மாமா, "எனக்கு நல்லாத்தானே தெரியுது, நீ சரியா மாட்டலை" என்றார். பத்து நாள் கழித்து வீட்டில் ஒரு கண்ணை மூடிப் பார்க்கச் சொன்னபோதும் அதே மங்கல். உடனே தீர்ப்பு: "ஹெட்செட் பிள்ளை கண்ணைக் கெடுத்துடுச்சு டாக்டர்."

வலது கண் 6/6, முழுப் பார்வை. இடது கண் 6/36, அதாவது மற்றவர் 36 மீட்டரில் படிப்பதை இவன் 6 மீட்டரில்தான் படிப்பான். பவர் பிளஸ் நாலரை. சோம்பேறிக் கண்: மூளை அந்தக் கண்ணைச் சரியாகப் பயன்படுத்தாததால் பார்வை வளராமல் நின்றுவிட்டது. இது பத்து நாளில் வருவதல்ல, வருடக் கணக்கில் இருந்திருக்கிறது. ஒரு கண் நன்றாகத் தெரிந்ததால் அவனுக்கும் தெரியவில்லை, உங்களுக்கும் தெரியவில்லை. அந்த வீட்டில் அவன் கண்ணை முதன்முதலில் சோதித்தது அந்த ஹெட்செட்தான்! பள்ளியில் சேர்க்கும் முன் ஒருமுறை காட்டியிருந்தால் சிகிச்சை எவ்வளவோ சுலபம். வயது ஏற ஏறக் கடினம்.

சரி, எல்லோரும் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். "கண்ணுக்கு ரெண்டு இஞ்ச் பக்கத்துல ஸ்கிரீன், பவர் ஏறாதா?" ஸ்கிரீன் அங்கேதான் இருக்கிறது. ஆனால் நடுவில் இருக்கும் லென்ஸ், படத்தை ஒன்றிரண்டு மீட்டர் தள்ளி இருப்பதுபோல் காட்டுகிறது. கண் ஃபோகஸ் செய்வது அந்தத் தூரத்துக்குத்தான். நம்பிக்கை இல்லையா? தூரம் மங்கும், மைனஸ் நான்கு பவர் உள்ள ஒருவரைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஹெட்செட்டை மாட்டச் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பதெல்லாம் அவருக்குக் கண்ணாடி இல்லாமலே தெரியும், ஹெட்செட் மட்டும் மங்கும். அடுத்து, தூரப்பார்வை நன்றாக இருந்து பேப்பர் படிக்க மட்டும் கண்ணாடி தேடும் ஐம்பது வயது அத்தையிடம் கொடுங்கள். படிக்கும் கண்ணாடி இல்லாமலே அவருக்குத் தெளிவாகத் தெரியும். ஸ்கிரீன் நிஜமாகவே இரண்டு இஞ்சில் தெரிந்தால் இது நடக்குமா? ஃபோகஸ் கணக்கில், படுத்துக்கொண்டு அரையடியில் மொபைல் பார்ப்பதுதான் இதைவிட மோசம். அதற்காக யாரும் ஓபிக்கு வந்து அழுவதில்லை.

அதற்காக ஏழு வயதுப் பிள்ளைக்கு மாட்டலாம் என்று நான் சொல்லவில்லை. மெட்டா குவெஸ்டுக்குக் குறைந்தது 10 வயது, பிளேஸ்டேஷன் விஆர் 2-க்கு 12, ஆப்பிள் விஷன் புரோவுக்கு 13 என்று தயாரித்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். இரண்டு கருவிழிகளுக்கு இடையிலான தூரத்துக்கு ஏற்ப லென்ஸை நகர்த்தி வைக்க வேண்டும். குவெஸ்ட் 3-இல் அது 58 முதல் 70 மில்லிமீட்டர் வரை. சின்னப் பிள்ளையின் கண்கள் பெரும்பாலும் அதைவிட நெருக்கம். எப்படித் திருகினாலும் பொருந்தாது, தலைவலிதான் மிச்சம். பெரியவர்களும் கைமாற்றும்போது திருகிச் சரிசெய்யுங்கள்.

வலிப்பு வந்தவர்கள், மாறுகண் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் மாட்ட வேண்டாம். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கழற்றுங்கள், கண் சிமிட்டவே மறந்துவிடும். குமட்டினால் அப்போதே நிறுத்துங்கள், மலைப்பாதை பஸ்ஸில் வருகிற அதே தொல்லைதான். பழகினால் போய்விடும் என்று தொடர்வது, அப்புறம் நேராக பைக் எடுப்பது, இரண்டும் கூடாது. கட்டில்மேல் நின்று விளையாடாதீர்கள், தலைக்குமேல் ஃபேன் ஓடுகிறது. எலும்பு டாக்டர் நண்பர், இந்த ஹெட்செட்டால் எனக்கு வருவதைவிடத் தனக்குத்தான் கேஸ் அதிகம் என்கிறார். வெயில் படும் ஜன்னலோரம் வைத்தால் லென்ஸே வெயிலைக் குவித்து ஸ்கிரீனைச் சுட்டுவிடும்.

மெட்ராஸ் ஐ இருப்பவரைப் பார்த்தாலே தொற்றும் என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். அது பார்வையால் பரவாது, கையாலும் பொருளாலும் பரவும். அதே ஆள் கழற்றிய ஹெட்செட்டை, வியர்வை ஊறிய ஸ்பாஞ்சோடு, வாங்கி மாட்டிக்கொள்ளத் தயங்குவதில்லை! கண் சிவந்தவருக்குக் கொடுக்காதீர்கள். சிலிகோன் உறை போட்டு, ஒவ்வொருவருக்குப் பின்னும் துடையுங்கள். லென்ஸில் மட்டும் சானிடைசர் வேண்டாம், கண்ணாடி துடைக்கும் துணி போதும்.

இன்னொன்று. 2021-இல் அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் அனுமதிக்கும் எஃப்டிஏ, 4 முதல் 7 வயதுப் பிள்ளைகளின் சோம்பேறிக் கண்ணுக்கு ஒரு விஆர் சிகிச்சையை அனுமதித்தது. இதைச் சொன்னதும் பையனின் அப்பா, "அப்போ இதையே மாட்டிவிடலாமா?" என்றார். கூடாது. அது டாக்டர் சீட்டு எழுதித் தரும் சிகிச்சை. இவனுக்குக் கண்ணாடியும், நல்ல கண்ணைத் தினம் சில மணி நேரம் மூடிவைக்கும் ஒட்டும் போதும். தயவுசெய்து, அவன் அழுகிறான் என்று ஒட்டைப் பிய்த்துவிடாதீர்கள்.

ஸ்மார்ட் கண்ணாடி பற்றியும் கேட்கிறார்கள். ரேபான் மெட்டா மாதிரிகளில் பெரும்பாலானவற்றில் ஸ்கிரீனே கிடையாது, கேமராவும் ஸ்பீக்கரும்தான். கண்ணுக்குப் பயம் இல்லை. ஆனால் பவர் உள்ளவர் பவர் லென்ஸ் போடாமல், அழகுக்காக அதை மாட்டிக்கொண்டு வண்டி ஓட்டினால் பயம் எனக்குத்தான். அப்புறம், ஓபிக்குள் வரும்போது அதைக் கழற்றிப் பையில் வையுங்கள். வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் நோயாளிகள்.