கண்ணில் படாத பறவை செத்துவிட்டதா?

ஒரு தீவில் 100 கடற்பறவைகளைப் பிடித்து, காலில் எண் பொறித்த வளையம் மாட்டிப் பறக்கவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். மறு ஆண்டு தேடினால் 40 தான் தென்படுகின்றன. மற்ற 60-ம் செத்துவிட்டன என்று எழுதிக்கொண்டால் கணக்கு அடியோடு தப்பிவிடும். அவை பாறை இடுக்கில் இருந்திருக்கலாம், இரை தேடிக் கடலுக்குப் போயிருக்கலாம்.

விடை மூன்றாம் ஆண்டில் கிடைக்கிறது. அந்த நூறில் இப்போது 30 கண்ணில் படுகின்றன. குறிப்பேட்டைப் புரட்டினால், அவற்றில் 15 போன ஆண்டும் பார்த்தவை. மீதி 15-க்கு எதிரே 1, 0, 1 என்று இருக்கிறது (பார்த்த ஆண்டுக்கு 1, பார்க்காத ஆண்டுக்கு 0). நடுவில் உள்ள அந்தப் பூஜ்யம்தான் பொக்கிஷம். அந்தப் பறவை அப்போது உயிரோடுதான் இருந்தது, நாம்தான் தவறவிட்டோம். இரண்டாம் ஆண்டில் உயிரோடு இருந்தது நிச்சயம் என்று தெரிந்த 30-ல், பாதியைத்தான் பார்த்திருக்கிறோம். அப்படியானால் அன்று பார்த்த 40-ம் இருந்தவற்றில் பாதிதான். சுமார் 80 பறவைகள் பிழைத்திருக்கின்றன!

பிழைப்பதையும் கண்ணில் படுவதையும் இப்படித் தனித்தனியாகப் பிரிக்கும் முறையை 1964, 1965-ல் கார்மாக், ஜாலி, சீபர் ஆகிய புள்ளியியலாளர்கள் வகுத்தார்கள். 1, 0, 0 என்ற வரிசைக்கு இரண்டு வழியும் உண்டு: செத்திருக்கலாம், அல்லது உயிரோடு இருந்தும் சிக்காமல் போயிருக்கலாம். இரண்டின் நிகழ்தகவையும் கூட்டித்தான் சூத்திரம் நகர்கிறது.

சரி, இருக்கும் இடத்தைச் சிக்னலில் சொல்லும் கழுத்துப் பட்டையான ரேடியோ காலரை மாட்டினால் தேடவே வேண்டாமே? அங்கே வேறு சிக்கல். 10 மான்களில் ஒன்று இறக்கிறது: பிழைத்த பங்கு 9/10. அப்புறம் ஒரு காலரின் பேட்டரி தீர்கிறது. அந்த மானை இறந்ததாக எண்ணாமல், அத்தோடு கணக்கிலிருந்து விலக்குவார்கள். மீதி 8-ல் ஒன்று இறந்தால் 7/8. இரண்டையும் பெருக்கினால் ஏறக்குறைய 79 சதவீதம். இது கப்லான், மையர் 1958-ல் தந்த முறை. ஆனால் வேட்டைக்காரர் மானைக் கொன்று காலரையும் உடைத்துவிட்டால், சாவு பேட்டரிக் கோளாறாகப் பதிவாகி, பிழைப்பு விகிதம் பொய்யாக உயரும்.

வளையத்திலோ பிழை எதிர்த்திசையில் போகும். வேறு தீவுக்குக் குடிபெயர்ந்த பறவையும், வளையம் கழன்ற பறவையும் செத்ததாகவே தோன்றும். பசிபிக்கின் மிட்வே தீவில் 1956-ல் பறவையியலாளர் சாண்ட்லர் ராபின்ஸ் ஓர் ஆல்பட்ராஸ் கடற்பறவைக்கு வளையமிட்டார். 2002-ல் அதே பறவை அவர் கையிலேயே மறுபடி சிக்கியது. இடையில் தேய்ந்த வளையங்களை மாற்றி, பழைய எண்ணைப் புதிய எண்ணோடு இணைத்துக் குறித்து வைத்திருந்தார்கள். ஒரு முறை அதை விட்டிருந்தால், ஏடுகளில் அந்தப் பறவை என்றோ செத்திருக்கும்.