‘ஓ’ வரிசையை மட்டும் நம்பாதீர்கள்

ஐரோப்பிய நாடுகளின் எரிசக்தி வரிக் கணக்கோடு மல்லுக்கட்டுவதுதான் என் பிழைப்பு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், எந்த நாட்டில் அரசுத் துறை அதிக எரிசக்தி வரி கட்டுகிறது என்று ஒரு பட்டியல் கேட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவர அலுவலகமான யூரோஸ்டாட்டில் எக்செல் கோப்பை இறக்கினேன். ‘ஓ’ என்று ஒரு பிரிவு: பொது நிர்வாகம், பாதுகாப்பு, கட்டாய சமூகக் காப்பீடு. அதை மேலிருந்து கீழாக அடுக்கிக் கொடுத்துவிட்டேன். கூட்டத்தில் ஒரு நகராட்சி அதிகாரி, எங்கள் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் இதில் எங்கே என்று கேட்டார். திருதிருவென்று விழித்தேன்.

கல்வி தனிப் பிரிவு, மருத்துவம் தனிப் பிரிவு. அரசுப் பள்ளி, தனியார் பள்ளி எல்லாம் அங்கே ஒன்றாகக் கலந்து கிடக்கும். குப்பை அள்ளுவதை நகராட்சி ஒரு கம்பெனியிடம் விட்டிருந்தால், அந்த லாரிகளின் டீசல் வரி கழிவு மேலாண்மைப் பிரிவுக்குப் போய்விடும். சுவீடனில் பல பள்ளிகளுக்குக் கதகதப்பு தருவது ஊர் முழுக்கக் குழாயில் ஓடும் வெந்நீர்தான். அதைக் காய்ச்சும் எரிபொருளுக்கு வரி இருந்தால், அது வெப்ப நிலையத்தின் கணக்கில் ஏறும், பள்ளியின் கணக்கில் அல்ல. ஆக, ‘ஓ’வில் எண் சிறியது என்றால் அரசு சிக்கனமாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, வேலையை வெளியே கொடுத்திருக்கலாம்.

வரி விகிதமும் ஒரே மாதிரி இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003-ம் ஆண்டு எரிசக்தி வரி உத்தரவு மின்சாரத்துக்கு வைத்த குறைந்தபட்சம், தொழில் பயன்பாட்டுக்கு மெகாவாட் மணிக்கு 0.5 யூரோ, மற்றவர்களுக்கு 1 யூரோ. அரசு அமைப்புகள் அரசாக இயங்கும்போது ‘தொழில்’ ஆகாது. அதே உத்தரவு, பொது நிர்வாகம், ராணுவம், ஆம்புலன்ஸ், உள்ளூர்ப் பேருந்து போன்றவற்றுக்குத் தனி விகிதம் வைக்கவும் இடம் கொடுக்கிறது.

ஜெர்மனியின் பொதுவான மின்சார வரி விகிதம் மெகாவாட் மணிக்கு 20.50 யூரோ. ஒரு நகரத்தின் தெருவிளக்குகள் வருஷத்துக்கு 1,000 மெகாவாட் மணி எரிக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அங்கே வரி 20,500 யூரோ. குறைந்தபட்ச விகிதத்தோடு நிற்கும் நாட்டில் 1,000 யூரோ. அதே விளக்கு, அதே வெளிச்சம்! ஜெர்மனியில் அந்தப் பணம் மத்திய அரசுக்குப் போகிறது. நாட்டுக் கணக்கில் இது ஒரு பையிலிருந்து எடுத்து இன்னொரு பையில் போடுவதுதான். நகராட்சிப் பொருளாளரிடம் அப்படிச் சொல்லிப் பாருங்கள், அடிக்க வருவார்.

ஆண்டுகளை ஒப்பிடும்போதும் கவனம் வேண்டும். ஸ்பெயின் 2021 செப்டம்பரில் மின்சார வரியை 5.11 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாக்கியது. ஜெர்மனி 2022 ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பெட்ரோல் வரியில் லிட்டருக்கு 29.55 சென்ட் குறைத்தது. அந்த வருஷங்களில் கோடு சரிவதைப் பார்த்து, அரசு அலுவலகங்கள் விளக்கை அணைத்துவிட்டன என்று எழுதிய ஓர் அறிக்கை என் மேசைக்கே வந்தது.

இப்போது யாராவது அந்தப் பட்டியலைக் கேட்டால், கல்வி, மருத்துவம் இரண்டு வரிசைகளையும் ‘ஓ’வுக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுகிறேன். பிறகு அந்த ஊரில் குப்பை லாரி யாருடையது என்று போன் போட்டுக் கேட்கிறேன்.